முந்நூற்று நாற்பத்திரண்டு படிகளும் ஒரு மின்தூக்கியும்

ஸ்ரீ கெம்பாங்கானில் என் மகள் குடியிருக்கும் அடுக்ககத்தின் தரைத்தளக் கூடம். நண்பகல். பிறந்து நான்கு நாளான பேத்தியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றிருந்தேன். துணிச்சுருளுக்குள்ளிருந்து பால் மணமும் மருத்துவமனைச் சோப்பு மணமும் கலந்து வந்தன.

இரண்டு மின்தூக்கிகளில் ஒன்று பழுது. அதன் கதவில் மூன்று மொழிகளில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். எப்போது சரியாகும் என்பது மூன்றிலும் இல்லை. மற்றொன்று மேலே எங்கோ ஒவ்வொரு மாடியாக நின்று நின்று வந்துகொண்டிருந்தது.

மகள் தர்ஷினிக்கு அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பிறந்திருந்தது. அவள் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்ததைப் பார்த்த காவலாளி, தன்னுடைய சிவப்பு நெகிழி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். மருமகன் விக்னேஷ் எங்களை வாசலில் இறக்கிவிட்டு, பைகளோடு காரை நிறுத்தப் போயிருந்தார். அந்த நேரத்தில் இடம் கிடைத்துத் திரும்ப எப்படியும் பத்து நிமிடம் ஆகும்.

காவலாளி நேப்பாளத்துக்காரர். என்னை நன்றாகத் தெரிந்தவர். இடது பக்கம் இருந்த படிக்கட்டுக் கதவைக் கையால் காட்டி, "அங்கிள், தங்கா?" என்று மலாயில் கேட்டார். இன்றைக்கும் படிதானா என்று அர்த்தம். பல மாதங்களாக நான் அந்த வீட்டுக்குப் படியேறித்தான் போய்வந்தேன். மாடிக்குப் பதினெட்டுப் படி. பத்தொன்பது மாடி. முந்நூற்று நாற்பத்திரண்டு.

"அப்பா, நீங்க வழக்கம்போல ஏறி வாங்க" என்றாள் தர்ஷினி. "பாப்பாவ என்கிட்ட குடுங்க. விக்னேஷ் வந்ததும் நாங்க லிஃப்ட்ல வந்துடறோம்."

கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. வயிற்றுத் தையல் இழுத்திருக்க வேண்டும். முகம் சுருங்கி, உதட்டைக் கடித்தாள்.

நான் பிள்ளையைக் கொடுக்கவில்லை. என் விரல் நுனிகள் அதற்குள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. அவை ஏன் மரத்தன என்பதைச் சொல்ல, ஓராண்டுக்குச் சற்று மேல் பின்னால் போக வேண்டும்.

ஷா ஆலமுக்கும் பத்து தீகாவுக்கும் நடுவே

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். இன்று புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: தராசுகள் சரியான எடை காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று தருபவன் நான். நகைக்கடை, மருந்தகம், ஆய்வுக்கூடம் எல்லா இடத்துக்கும் போவேன். என் பெட்டியில் இருக்கும் எடைக்கற்களைக் கையால் தொடமாட்டேன். இடுக்கியால்தான் எடுப்பேன். விரலின் எண்ணெய்ப் பிசுக்குகூட எடையைக் கூட்டிவிடும்.

அன்று நிறுவனத்தின் வேன் பழுதுபார்க்கப் போயிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு நகைக்கடையில் வேலை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறினேன். ஷா ஆலம், பத்து தீகா நிலையங்களுக்கு நடுவே ரயில் நின்றது. அறிவிப்பு ஏதுமில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். சம்பல் மணம் வந்தது. குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. பயப்பட ஒன்றுமே இல்லை.

திடீரென்று நெஞ்சுக்குள் யாரோ படியில் தடதடவென்று ஓடி இறங்குவதுபோல இருந்தது. விரல்கள் கூசின. தொண்டை இறுகியது. காலுக்குக் கீழே தரை நகர்ந்தது. செத்துவிடுவேனோ என்ற சந்தேகம் இல்லை அது. சாகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

என் மனைவி அதற்கு மூன்றாண்டு முன்பு, துணி மடித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் போனாள். கையில் பாதி மடித்த என் சட்டை இருந்தது. ஆகவே அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

ரயில் நகர்ந்தது. பத்து தீகாவில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. இறங்கியதால்தான் பிழைத்தேன் என்று முடிவு செய்தேன். அடுத்த பத்து மாதங்கள் என்னை ஆண்டது அந்த ஒரு முடிவுதான்.

மருத்துவமனையில் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், தைராய்டையும் பார்த்தார்கள். இளம் மருத்துவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "ஒண்ணும் இல்ல அங்கிள், ஹார்ட் நல்லா இருக்கு" என்றார்.

அந்த 'ஒண்ணும் இல்ல' எனக்கு ஆறுதலாக இல்லை. முப்பது ஆண்டுகளாக நான் பார்க்கும் தொழிலில், காரணம் இல்லாத பிழை என்று ஒன்று கிடையாது. காரணத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மூன்று கருவிகள்

இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கினேன். காலை, மாலை என்று தொடங்கினேன். அளவுகளை நாட்குறிப்பின் வலது ஓரத்தில் எழுதினேன். ஒருநாள் எண் சற்றுக் கூடுதலாக வந்தது. கருவி பொய் சொல்கிறதோ என்று தோன்றியது. அதைச் சரிபார்க்க இரண்டாவது கருவி வாங்கினேன். இரண்டுக்கும் ஆறு புள்ளி வித்தியாசம். எது சரி என்று தீர்மானிக்க மூன்றாவது ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.

எந்த மனிதனும் செய்யாத முட்டாள்தனம் என்று வாசகர்கள் சிரிக்கலாம். என் தொழிலில் இருக்கும் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அளக்க அளக்க எண்கள் ஏறின. ஏறினால் மீண்டும் அளந்தேன். இடையில் ரயிலை விட்டேன். பிறகு மின்தூக்கியை விட்டேன். ரயில் போலவே அதுவும் கதவு மூடிக்கொண்டு நடுவில் நிற்கக்கூடியது. நெரிசல் நேரத்தில் கூட்டரசு நெடுஞ்சாலையை விட்டேன். நாட்குறிப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்கான ஒரு வரி இருக்கிறது: "இன்று ரயில் வேண்டாம்." "படியில் ஏறினேன், உடம்புக்கு நல்லது." என் உலகம் சுருங்கிக்கொண்டு வருவதை நானே அழகான கையெழுத்தில் பதிவு செய்திருக்கிறேன், சுருங்குகிறது என்று தெரியாமலேயே.

ஸ்டெப் அங்கிள்

மகள் வீட்டுக்கு வாரம் இருமுறை போவேன். முதல் தடவை வேர்வையில் நனைந்து போய் நின்றபோது அவள் பதறினாள்.

"என்னப்பா, லிஃப்ட் ரெண்டும் கெட்டுப் போச்சா?"

"இல்லமா. எக்சர்சைஸ். சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு, நடக்கச் சொன்னாங்க."

பொய். ஒரே ஒரு பொய்தான், ஆனால் அது வளர்ந்தது. அவள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: எங்கப்பா, ஐம்பத்தாறு வயசு, பத்தொன்பது மாடி. கட்டைவிரல்கள் குவிந்தன. அடுக்ககத்தில் என்னை 'ஸ்டெப் அங்கிள்' என்று அழைத்தார்கள். பதினோராம் மாடிச் சீனத்து அம்மாள் ஒருவர், என்னைப் பார்த்துவிட்டுத் தன் கணவரையும் படியேற அனுப்பினார். பாவம், அவர் மூன்றாம் மாடியிலேயே என்னை முறைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மூன்றுக்கு மேலே 3A என்று எழுதியிருக்கும். நான்கு என்ற எண் சீனர்களுக்கு ஆகாது. அந்த 3A-வில் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்குவேன். எனக்கும் ஆகாதவை சில இருந்தன, ஆனால் அவற்றைக் கதவில் எழுதி ஒட்ட எனக்குத் தைரியமில்லை.

தர்ஷினிக்கு ஏழாம் மாதம் நடந்தபோது ஒருநாள் சொன்னாள்: "அத்தை இடுப்பு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு சித்தியவான்ல படுத்திருக்காங்க. ஆள் வெச்சுக்கலாம்னு விக்னேஷ் சொல்றாரு. எனக்கு இஷ்டமில்ல. அம்மா இருந்தா அம்மா வந்திருப்பாங்க. நீங்க வாங்கப்பா. நாப்பது நாள்."

"வரேன்மா" என்றேன், ஒரு நொடிகூடத் தயங்காமல்.

அன்று படியிறங்கும்போதுதான் கணக்குப் புரிந்தது. பிள்ளை பிறந்தால் மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்க அரசாங்க கிளினிக்குக்குப் பல நாள் தூக்கிப் போக வேண்டும். மருமகன் வேலைக்குப் போய்விடுவார். முந்நூற்று நாற்பத்திரண்டு படி, கையில் பச்சைப் பிள்ளை, கூடவே என் இடது முழங்கால். ஒன்பதாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டேன். மகள் முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். அது என்னால் முடியாது. ஏன் முடியாது என்று சொல்லவும் முடியாது.

மறுநாள் கிள்ளான் கிளினிக்கில் போய்ச் சீட்டு எடுத்தேன்.

கண்ணாடிக் கதவு வைத்த தராசு

மருத்துவர் என்னை உளவியலாளர் சுகன்யாவிடம் அனுப்பினார். முப்பத்தைந்து வயதிருக்கும். மேசையில் பாதி குடித்த மைலோ. நான் நாட்குறிப்பையும் மூன்று கருவிகளையும் எடுத்து வரிசையாக வைத்தேன். அவர் கருவிகளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூணு எதுக்கு அங்கிள்?"

சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்க முயன்றது தெரிந்தது. முடியவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாக்கறீங்க?"

"பதினாறு. ஞாயித்துக்கிழமைன்னா இருபத்தொண்ணு."

"ஞாயித்துக்கிழமை ஏன் கூட?"

"லீவு."

பிறகு என் வேலையைப் பற்றிக் கேட்டார். எனக்குப் பிடித்த விஷயம். ஆய்வுக்கூடத் தராசைப் பற்றிச் சொன்னேன். அதைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதன் கதவைத் திறந்துவைத்தால், பக்கத்தில் நின்று மூச்சு விட்டாலே எண்கள் ஓடும். யாராவது நடந்தால் ஓடும். ஒன்றும் வைக்காத தட்டு எடை காட்டும்.

"அப்ப அந்தத் தராசு கெட்டுப்போச்சா?"

"சேச்சே. அது ரொம்ப நல்ல தராசு. அவ்வளவு நுட்பமா இருக்கறதாலதான் ஓடுது."

அவர் மைலோவை எடுத்துக் குடித்தார். நான் சொன்ன வாக்கியம் அறைக்குள்ளேயே நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது என்னைப் பற்றியது என்று புரிந்தது.

அதன் பிறகு நான் கேட்டேன், அவர் விளக்கினார், நான் எழுதினேன். இடது பத்தியில் எனக்கு வருபவை, வலது பத்தியில் அவை எதற்காக. நெஞ்சு படபடப்பது, ஓடவேண்டி வந்தால் கால்களுக்கு இரத்தம் அனுப்ப. மூச்சு வேகமாவது, அந்த ஓட்டத்துக்குக் காற்றுச் சேர்க்க. ஓடாமல் நின்றபடி அப்படி மூச்சு விட்டால் கரியமிலவாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடும், அதனால் விரல் கூசும், தலை கிறுகிறுக்கும். வேர்ப்பது, சூடேறப்போகும் உடம்பை முன்கூட்டியே குளிர்விக்க. பசி நிற்பது, அந்த நேரத்தில் சோறு முக்கியமில்லை என்பதால்.

எழுதி முடித்துப் பார்த்தேன். ஒரு வரியில்கூடப் பிழை இல்லை. நான் கட்டளையிடவே இல்லை. என்னைக் காப்பாற்ற என் உடம்பு ஒரு நொடிக்குள் இவ்வளவையும் ஒழுங்காகச் செய்திருக்கிறது. காப்பாற்ற வேண்டிய ஆபத்து அங்கே இல்லை, அவ்வளவுதான். எத்தனையோ நாட்டுக் கருவிகளைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அதை நான் பத்து மாதமாகப் பழுது என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பதற்றக் கோளாறு என்று பெயர். ஒரே வகை இல்லை. சிலருக்கு நாளெல்லாம் ஓயாத கவலை, சிலருக்கு நாலு பேர் முன்னால் நிற்கப் பயம். எனக்கு வந்தது திடீரென்று உச்சத்துக்கு ஏறும் பீதி, அது மறுபடி வந்துவிடுமோ என்று இடங்களை ஒதுக்குவது. முதலில் இதயத்தையும் தைராய்டையும் பார்த்தது சரிதான் என்றார் சுகன்யா. அதைத் தாண்டாமல் இதற்கு வரக்கூடாது. மருத்துவர் ஒரு சிறு மாத்திரையும் கொடுத்தார். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றார். ஆயிற்று. மாத்திரை போடுவதை மறைத்துக்கொண்டிருந்த நண்பர்கள் எனக்கு இருந்தார்கள். நான் அதை நாட்குறிப்பில் நடுப்பத்தியில் எழுதினேன்.

விழவில்லை

சுகன்யா கொடுத்த வேலை, என்னைப் போன்ற ஆளுக்கென்றே செய்தது போலிருந்தது. பத்துப் படி கொண்ட ஒரு பட்டியல். எளிதிலிருந்து கடினம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்' என்று எழுத வேண்டும். முடிந்த பிறகு 'என்ன நடந்தது'. எண்கள் கூடாது. நாடியைத் தொடக்கூடாது.

"நாடியைத் தொடாம எப்படித் தெரியும்?"

"என்ன தெரியணும் அங்கிள்?"

அந்தக் கேள்வியையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலை உணவகம் ஒன்றுக்கு மேலே மூன்று மாடி அலுவலகம் இருக்கிறது. அங்கே பழைய மின்தூக்கி. முதல் வாரம் அதன் முன்னால் ஐந்து நிமிடம் நிற்பது மட்டும். எழுதினேன்: "மயங்கி விழுவேன்." பிறகு: "விழவில்லை. ஒரு பெண் மேலேயா கீழேயா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன்." மூன்றாம் வாரம் உள்ளே ஏறினேன். கீழிருந்து ரசம் கொதிக்கும் வாசனை என்னோடு மூன்று மாடியும் வந்தது. "மூச்சு நின்றுவிடும்." "நிற்கவில்லை. ரசம் நல்ல ரசம்."

நான்கு வேளை குடித்த கோப்பி-ஓ கடுங்காப்பி ஒரு வேளையாயிற்று. காலையில் பாதி நேரம் தொலைபேசியில் நோய்களைத் தேடுவது நின்றது. மூச்சை மெதுவாக வெளியே விடப் பழகினேன். "பயத்த விரட்ட இல்ல அங்கிள் இது. நீங்க அங்கயே நிக்கறதுக்கு" என்பார் சுகன்யா. ஒருநாள் என் பையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"உள்ள என்ன?"

"மிஷின்."

"எத்தனை?"

"ஒண்ணுதான்" என்றேன் பெருமையாக.

அதையும் வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

இதற்கிடையே சித்தியவானிலிருந்து சம்பந்தி அம்மாள் தொலைபேசியில் எனக்குப் பத்தியச் சமையல் சொல்லிக்கொடுத்தார். "சம்பந்தி, பூண்டு ஒரு கை, மிளகு கொஞ்சம், சுறாவ வேக வெச்சு உதிர்த்துக்குங்க."

"கொஞ்சம்னா எத்தனை கிராம்?"

பக்கத்தில் யாரிடமோ, "இந்த மனுசன் கிராம் கேக்கறாருடி" என்ற குரல் கேட்டது. பன்னிரண்டு கிராம் என்று நானே சோதித்துக் கண்டுபிடித்தேன். இப்போது அவரே மற்றவர்களுக்குப் பன்னிரண்டு கிராம் என்று சொல்கிறாராம்.

பட்டியலில் ஆறாம் படியில் இருந்தேன். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் துணைக்கு ஆளில்லாமல் ஏறி இறங்கியாயிற்று. பத்தாம் படி, மகள் வீட்டுப் பத்தொன்பதாம் மாடி. அதைப் பிரசவ நாளுக்குள் முடித்துவிடுவதாகத் திட்டம். பேத்தி இரண்டு வாரம் முன்னதாக வந்துவிட்டாள்.

கதவு மூடியது

மீண்டும் அந்தக் கூடம். மகளின் நீட்டிய கை மடிக்குத் திரும்பிவிட்டது.

"நான் லிஃப்ட்ல வரேன்மா" என்றேன்.

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். அதற்குள் கதவு திறந்தது. காவலாளி நாற்காலியை உள்ளே தூக்கிப் போட்டு, பத்தொன்பதை அழுத்திவிட்டார். தர்ஷினி அதில் உட்கார்ந்தாள். நான் பிள்ளையோடு பின்சுவரை ஒட்டி நின்றேன். கதவு மூடியது.

காத்திருந்தபோதே தொடங்கியது இப்போது முழு வேகத்தில் வந்தது. தொண்டை, விரல்கள், நழுவும் தரை. என் வலது கை தானாக இடது மணிக்கட்டைத் தேடியது. முடியவில்லை. இரண்டு கையிலும் பிள்ளை.

ஐந்தாம் மாடியில் நின்று கதவு திறந்தது. வெளியே பளிச்சென்ற வெளிச்சம், ஒரு செருப்பு அலமாரி, ஒரு துளசித் தொட்டி. இரண்டு அடி வைத்தால் போதும். அப்போது சமையல் வாயு உருளை வைத்த தள்ளுவண்டி ஒன்று உள்ளே வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றது. தள்ளிவந்த தமிழர் வியர்வையைத் துடைத்தார்.

"சாரி அண்ணே. பாஸ், கொஞ்சம் ஒதுங்குங்க. அட, பாப்பாவா! பையனா பொண்ணாக்கா?"

"பொண்ணு" என்றாள் தர்ஷினி.

"லட்சுமி. தாத்தா மூஞ்சியப் பாருங்க, இப்படி வேர்க்குது! மொதப் பேத்தியா? பயப்படாதீங்க அண்ணே, பிள்ள உடையாது." மின்தூக்கி முனகிக்கொண்டு ஏறியது. "இந்த லிஃப்ட நம்பவே முடியாது லா. போன வாரம் ரெண்டும் படுத்துருச்சு. ஒம்போது மாடி தூக்கிட்டு ஏறினேன். இந்த பிளாக்ல ஒரு அங்கிள் இருக்காராமே, நல்ல லிஃப்ட வெச்சுக்கிட்டே தினம் பத்தொம்போது மாடி நடந்து ஏறுறாராம். பைத்தியம் லா!"

தர்ஷினி என்னைக் காட்டி, "அவருதாண்ணே இவரு" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். உருளையைப் பார்த்தார். மேலே ஓடும் எண்ணைப் பார்த்தார். பன்னிரண்டு வருவதற்குள் அவருக்கு ஒரு யுகம் ஆகியிருக்கும். "நல்ல பாடி அங்கிள்" என்று முணுமுணுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

கதவு மறுபடி மூடியது. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இனி மறைப்பதற்கு என்னிடம் பலமில்லை.

"தர்ஷினி, எனக்கு இப்ப வருது."

"என்னப்பா வருது?"

"பயம். லிஃப்ட்ல ஏற முடியாது எனக்கு. ரயில்லயும் முடியாது. ஒரு வருசமா இருக்கு. மூணு மாசமா கிளினிக் போயிட்டிருக்கேன். நான் எக்சர்சைஸுக்காகப் படி ஏறலமா."

அவள் என்னையே பார்த்தாள். வாயைப் பொத்தினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள்கள் குலுங்கின.

"அப்பா, இப்பவா சொல்றீங்க? ஐயோ, சிரிச்சா தையல் வலிக்குதுப்பா!" கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். "ஆபீஸ்ல நாலு பேரு உங்களப் பாத்து ஜிம்முல சேந்திருக்காங்க!" பிறகு சிரிப்பு அடங்கி, என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப ரொம்ப இருக்கா?"

இருக்கிறதா என்று பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன், தராசு முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுபோல.

குறைந்துகொண்டிருந்தது.

13A தாண்டியது. மின்தூக்கி பதினைந்தில் நின்றது, யாருமில்லை, மூடிக்கொண்டது. நான் எங்கும் இறங்கவில்லை. நாடியைத் தொடவில்லை. கதவு மூடியிருக்கிறது, நான் உள்ளே இருக்கிறேன், பயம் தானாக இறங்கிக்கொண்டிருக்கிறது. பத்து தீகாவில் பெஞ்சில் உட்கார்ந்தபோதும் இதேதான் நடந்திருக்கிறது. ரயிலை விட்டு இறங்கியது என்னைக் காப்பாற்றவில்லை. உள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் அது அடங்கியிருக்கும். ஏற்றிவிட்ட உடம்புக்கு இறக்கிவிடவும் தெரியும். ஓராண்டாக நான் அதை நம்பி ஒரு தடவைகூட விட்டதில்லை.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கு என் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. மூச்சு வேகவேகமாக ஐந்தாறு வந்தது, பிறகு நின்றது. ஒன்றுமில்லை. பிறகு, ஏதோ நினைவு வந்ததுபோல, மறுபடி தொடங்கியது. பச்சைப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று தாதி முந்தின நாள் சொல்லியிருந்தார். சொன்னபோது குறித்துக்கொண்டேன். இப்போதுதான் பார்த்தேன். ஓர் ஒழுங்கும் இல்லை. வேகமாக நாலு, மெதுவாக ரெண்டு, ஓர் இடைவெளி, ஒரு பெருமூச்சு. யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரும் கண்காணிக்காமல், நான்கு நாளாக இவள் இதைச் செய்துகொண்டிருக்கிறாள். அடுத்த மூச்சு வருமா என்று அவள் சந்தேகப்படவே இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சின்ன வயிறு ஏறி இறங்குவதைத் தவிர அந்தப் பெட்டிக்குள் வேறொன்றும் எனக்கு இல்லை.

"அப்பா. அப்பா! பத்தொம்போது. இறங்குங்க, கதவு மூடிக்கும்!"

நிமிர்ந்தேன். மூடிக்கொண்டிருந்தது. தர்ஷினியால் எழுந்து பொத்தானை எட்ட முடியவில்லை. என்னிடம் ஒரு விரல்கூட மிச்சமில்லை. கீழே யாரோ அழைத்திருக்க வேண்டும், மின்தூக்கி எங்கள் மூவரையும் தூக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. தர்ஷினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்கப்பா, சிரிக்க வைக்காதீங்க" என்று கெஞ்சினாள். நான் ஒன்றும் செய்யவில்லை, நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

தரைத்தளத்தில் கதவு திறந்தது. இரண்டு தோளிலும் பைகளோடு விக்னேஷ் நின்றிருந்தார். நாற்காலியில் மனைவி, சுவரோடு மாமனார், கையில் பிள்ளை, அவர் விட்டுப்போன இடத்திலேயே.

"என்ன மாமா, இன்னும் மேல போகலையா?"

"போயிட்டு வந்துட்டோம்" என்றாள் தர்ஷினி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உள்ள வாங்க. அப்பாவுக்கு இன்னொரு ரவுண்டு போகணுமாம்."